ரெசினா, மெம்பரேனா, இ.டி.ஐ.யா? எல்லையோரத் தண்ணீரை வைத்து ஒரு கணக்கு

தமிழ்நாடு–ஆந்திர எல்லையில் கும்மிடிப்பூண்டி, தடா, சூளூர்ப்பேட்டைப் பக்கம் தொழிற்சாலைகள் ஒரு வரிசை. திருத்தணி, நகரி, புத்தூர்ப் பக்கம் இன்னொரு வரிசை. இந்த இரண்டு வரிசையிலும் சொந்தமாக பாய்லரும் டர்பைனும் வைத்து மின்சாரம் எடுக்கிறவர்களும் எடுக்கப் போகிறவர்களும் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ரெசின் போட்ட டி.எம். பிளான்ட்டே போதுமா, ஆர்.ஓ. வைத்து மிக்ஸட் பெட் போடலாமா, இல்லை இரண்டு ஆர்.ஓ.வும் இ.டி.ஐ.யும் என்று போய்விடலாமா?" ரெசின் என்பது தண்ணீரில் கரைந்த உப்பின் அயன்களைப் பிடித்து வைக்கும் மணிகள்; அதை வைத்து உப்பு நீக்குவது டி.எம். பிளான்ட். ஆர்.ஓ. என்பது மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி, உப்பைத் தடுப்பது. மிக்ஸட் பெட் இரண்டு வகை ரெசினை ஒரே பாத்திரத்தில் கலந்தது; இ.டி.ஐ. ஆசிட் இல்லாமல் மின்சாரத்தில் ரெசினைப் புதுப்பிப்பது. மேசை மேல் மூன்று கொட்டேஷன் இருக்கும். மூன்றின் கடைசிப் பக்கத்திலும் ஒரே எண்கள்: கண்டக்டிவிட்டி (மின்சாரம் கடத்தும் அளவு; உப்பு கூடினால் இதுவும் கூடும்) 0.2 மைக்ரோசீமன்ஸுக்குள், சிலிக்கா (தண்ணீரில் கரைந்த மணல் சத்து) 0.02 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு மில்லிகிராம்). தரம் ஒன்றுதானே என்று விலையைப் பார்த்து முடிவெடுத்துவிடுவார்கள்.

வெளியே வரும் தண்ணீரை வைத்து இந்த மூன்றையும் ஒப்பிடுவது வீண் வேலை என்பது என் கட்சி. ஒழுங்காக ஓட்டினால் மூன்றுமே அந்த எண்ணைத் தொடும். வித்தியாசமெல்லாம் உள்ளே போகும் தண்ணீரிலும், கழிவாக வெளியேறும் தண்ணீரிலும், நடுவில் நின்று ஓட்டுகிற ஆளிடமும் இருக்கிறது.

அதற்கு முன்னால், இவ்வளவு சுத்தமான தண்ணீர் உங்களுக்கு வேண்டுமா என்பதைப் பார்த்துவிடலாம். பத்து கிலோ பிரஷரில் (சதுர சென்டிமீட்டருக்குப் பத்து கிலோ) ஆவி எடுத்துத் துணி உலர்த்தவோ பால் காய்ச்சவோ பயன்படுத்துகிறவர்களுக்கு நல்ல சாஃப்ட்னர் (கடினத்தன்மையை மட்டும் எடுப்பது) போதும். அவர்களிடமும் இ.டி.ஐ. விற்க ஆட்கள் வருகிறார்கள். டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். அமெரிக்காவின் ஏ.எஸ்.எம்.ஈ. (இயந்திரப் பொறியாளர் சங்கம்) வழிகாட்டியின்படி ஏறக்குறைய 21 கிலோ பிரஷர் வரை பாய்லர் டிரம்முக்குள் இருக்கும் தண்ணீரில் சிலிக்கா 150 பிபிஎம் இருக்கலாம். 70 கிலோவைத் தாண்டி 105 கிலோ வரை போனால் அதே சிலிக்கா 2 பிபிஎம்முக்கு மேல் கூடாது. பிரஷர் ஏற ஏற சிலிக்கா ஆவியோடு ஆவியாகக் கிளம்பிவிடும் என்பதுதான் காரணம். கிளம்பியது டர்பைனுக்குள் போய், பிரஷர் இறங்கும் கடைசி அடுக்கு பிளேடுகளில் கண்ணாடிப் பூச்சு மாதிரி உட்கார்ந்துவிடும். உப்புப் படிவு என்றால் ஈர ஆவியில் கழுவலாம். இது கழுவினால் போகாது. அதே ஆவிக்கு மெகாவாட் குறைந்துகொண்டே வரும், கடைசியில் டர்பைனைத் திறக்க வேண்டியதாகிவிடும். கரும்புச் சக்கையில் ஓடும் 67, 87, 110 கிலோ பாய்லர்கள் எல்லாமே இந்த வளையத்துக்குள்தான். பெரிய நிலையங்களுக்கு இன்னொரு தேவையும் உண்டு. 500 மெகாவாட் ஜெனரேட்டர்கள் பலவற்றில் ஸ்டேட்டர் கம்பிச் சுருளுக்குள்ளேயே இந்தத் தண்ணீரை ஓடவிட்டுச் சூட்டை எடுக்கிறார்கள். அங்கே அதன் முதல் தகுதியே மின்சாரம் கடத்தாமல் இருப்பது. எந்த அயனும் வெளியிலிருந்து சேராத தண்ணீரின் கண்டக்டிவிட்டி 25 டிகிரியில் 0.055. அதற்குக் கீழே யாராலும் போக முடியாது.

இனி நம் தண்ணீருக்கு வருவோம். எல்லையோரம் என்று ஒரே பெயர் சொன்னாலும் தண்ணீர் இரண்டு ஜாதி. கிழக்கே, பழவேற்காடு ஏரியை ஒட்டிய மணற்பாங்கான பகுதியில் குளோரைடுதான் தொல்லை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் ஏறியது பல பத்தாண்டுக் கதை. ஆரணியாறு, கொசஸ்தலையாறு இரண்டின் கரையோரப் படுகைகளையும் இறைத்து இறைத்து வந்த வினை. அங்கே மழைக்குப் பிறகு எடுத்த போர் தண்ணீர் ரிப்போர்ட்டும் மே மாதம் எடுத்த ரிப்போர்ட்டும் இரண்டு ஊர்த் தண்ணீர் போல இருக்கும். மேற்கே நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கம் பாறை நிலம். அங்கே உப்பு அவ்வளவு ஏறாது. கடினத்தன்மையும் பைகார்பனேட்டும் சிலிக்காவும் கூடுதல். சிலிக்கா 40, 50 பிபிஎம் என்று ரிப்போர்ட் வந்தால் அந்த மண்ணுக்கு அது சகஜம். கண்டலேறு–பூண்டி கால்வாயில் கிருஷ்ணா தண்ணீர் ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்டில் எல்லை தாண்டி வருகிறது. 1996இல் முதன்முதலாக வந்தது. பாய்லர்காரன் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும் தண்ணீர். ஆனால் அது சென்னைக்குக் குடிநீர். நமக்கு போர்தான்.

இந்த இரண்டு ஜாதியை மனதில் வைத்துக்கொண்டு ரெசினுக்கு ஒரு கணக்குப் போடலாம். ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் லிட்டர் டி.எம். தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். போர் தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் மொத்த உப்பு) 1,500 பிபிஎம்; அதில் கேட்டயன் (கால்சியம், சோடியம் மாதிரி நேர்மின் அயன்) சுமை கால்சியம் கார்பனேட் கணக்கில் 1,200 பிபிஎம். அப்படியானால் கேட்டயன் ரெசின் ஒரு நாளில் பிடித்து வைக்க வேண்டியது 240 கிலோ. ரெசினிலிருந்து அதை விரட்ட ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கொடுக்க வேண்டும். இதைத்தான் ரீஜெனரேஷன் என்பார்கள். கணக்குப்படி 175 கிலோ சுத்த ஆசிட் போதும். நடைமுறையில் ஒன்றரை மடங்காவது ஆகும். டேங்கரில் வரும் ஆசிட் 30, 31 சதவீதம்தான் என்பதால் தினமும் 850 கிலோவுக்குக் குறையாமல் டேங்க்கில் இறக்கியாக வேண்டும். அனயன் (குளோரைடு மாதிரி எதிர்மின் அயன்) ரெசினுக்குக் காஸ்டிக் லை தனிக் கணக்கு. நடுவில் டீகேஸர் டவர் வைத்துக் கார்பன் டை ஆக்ஸைடை ஊதித் தள்ளினால் பைகார்பனேட் கூடிய மேற்குத் தண்ணீரில் காஸ்டிக் நன்றாகவே மிச்சமாகும். கிழக்கே குளோரைடு எங்கேயும் ஊதிப் போகாது. முழுச் சுமையும் அனயன் ரெசின் தலையில்.

இதே இரண்டு லட்சம் லிட்டரைச் சுமை 250 பிபிஎம் உள்ள ஆற்றுத் தண்ணீரில் எடுத்தால் ஆசிட் 180 கிலோ பக்கத்தில் நின்றுவிடும். பழைய அனல் மின் நிலையங்கள் காலம் காலமாக ரெசினை மட்டும் வைத்து நன்றாக ஓடியதற்குக் காரணம் அவர்களுக்குக் கிடைத்த தண்ணீர். ரெசின் நல்ல பொருள்தான். 1,500 டி.டி.எஸ். போர் தண்ணீரை நேராக அதன் மேல் ஊற்றுவதுதான் கூடாது. அந்தச் சுமையில் ஒரு ஷிஃப்டுக்கு ஒரு ரீஜெனரேஷன் என்று ஆகிவிடும். ஆபரேட்டர் ஆசிட் வால்வையும் காஸ்டிக் வால்வையும் திருப்புவதைத் தவிர வேறு வேலை பார்க்க முடியாது. ஆசிட் டேங்க் பக்கத்து ஷெட்டின் தகரக் கூரையைப் போய்ப் பாருங்கள். இரண்டு கோடையில் சல்லடையாகியிருக்கும்.

ஆர்.ஓ.வை முன்னால் வைத்தால் என்ன ஆகும்? 97 சதவீத உப்பு அங்கேயே நின்றுவிட்டால் 1,200 என்பது 36 ஆகிவிடும். பின்னால் ஒரே ஒரு மிக்ஸட் பெட் போதும். மிக்ஸட் பெட் ஆசிட்டைக் கொஞ்சம் ஊதாரித்தனமாகத்தான் செலவழிக்கும். அப்படியும் சராசரியாக நாளைக்கு ஐம்பது அறுபது கிலோவுக்குள் அடங்கும். 850 எங்கே, 60 எங்கே. மின்சாரம் ஆயிரம் லிட்டருக்கு ஒரு யூனிட் அளவில் ஆகும். நீங்களே மின்சாரம் தயாரிக்கிறவர் என்பதால் அதைப் பெரிய செலவாக நினைக்க வேண்டாம். இந்த மெம்பரேனுக்குப் பிள்ளையார் சுழி போட்டது, 1959 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும். இரண்டாவது பெயரைக் கேட்டால் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் நினைவுக்கு வருவார்.

கழிவுக் கணக்கில்தான் ஆர்.ஓ.காரர்கள் கொஞ்சம் மழுப்புவார்கள். 75 சதவீத ரெகவரி என்றால், இரண்டு லட்சம் லிட்டர் எடுக்க 2,67,000 லிட்டர் உள்ளே விட வேண்டும். 67,000 லிட்டர் ரிஜெக்ட். அதன் டி.டி.எஸ். ஏறக்குறைய நான்கு மடங்கு, அதாவது 6,000 பக்கம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2,100 எல்லையோடு இதை வைத்துப் பாருங்கள். வாய்க்காலில் விட வழியே இல்லை. நிலக்கரி யார்டில் தூசு அடங்கத் தெளிக்கலாம், சாம்பலைக் குளிர வைக்கலாம், இரும்பாலை என்றால் கசடு மேல் ஊற்றலாம். இதெல்லாம் இல்லாதவர் எவாப்பரேட்டர் (கழிவைக் காய்ச்சி ஆவியாக்கும் கருவி) வாங்க வேண்டும். அந்தக் கொட்டேஷன் ஆர்.ஓ. கொட்டேஷனைவிடப் பெரிதாக வரும்.

"ரெசினில் கழிவு கொஞ்சம்தானே" என்று உடனே ஒருவர் சொல்வார். லிட்டர் கணக்கில் கொஞ்சம், உண்மை. உப்புக் கணக்கில் அப்படி இல்லை. ஆர்.ஓ. தண்ணீரோடு வந்த உப்பைத்தான் திருப்பித் தருகிறது. ரெசின் பிளான்ட்டில் அந்த உப்போடு நீங்கள் ஊற்றிய ஆசிட்டும் காஸ்டிக்கும் நியூட்ரலைசேஷன் பிட்டில் சேர்ந்து புது உப்பாகி வெளியே வரும். மேலே போட்ட உதாரணத்தில் மொத்த உப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் போகும். பி.எச். 7 காட்டுகிறது என்று அந்தப் பிட்டைத் திறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். டி.டி.எஸ். மீட்டரை அதில் முக்கிப் பார்ப்பது அபூர்வம்.

மேற்குப் பக்கத்துக்காரர்களுக்கு ஆர்.ஓ.வில் வேறொரு முட்டுக்கட்டை. 25 டிகிரித் தண்ணீரில் சிலிக்கா ஏறக்குறைய 120 பிபிஎம் வரைதான் கரையும். போரில் 50 இருந்து, 75 சதவீதம் எடுத்தால், ரிஜெக்ட் பக்கம் 200 ஆகிவிடும். கரைய முடியாதது மெம்பரேன் மேலேயே படியும். சிட்ரிக் ஆசிட்டில் கழுவினாலும் லேசில் விடாது. நம் ஊர்த் தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் இருப்பது கொஞ்சம் கைகொடுக்கும், சிலிக்காவுக்கென்றே வரும் ஆன்டிஸ்கேலன்ட் (படிவைத் தடுக்கும் மருந்து) இன்னும் கொஞ்சம் கைகொடுக்கும். எதையும் நம்பாமல் போனால் ரெகவரியை 58 சதவீதத்தில் நிறுத்த வேண்டும். அப்போது ரிஜெக்ட் இரண்டு மடங்குக்கும் மேல். கொட்டேஷனில் "75 சதவீதம்" என்று அச்சடித்துக் கொடுத்தவர் உங்கள் சிலிக்கா ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் கொடுத்தாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஏரி, கால்வாய், குட்டைத் தண்ணீர் எடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் செந்நிறமாக வரும்போது அதில் கரைந்த சிலிக்காவோடு கரையாத நுண்துகள் சிலிக்காவும் வரும். கொலாய்டல் சிலிக்கா என்பார்கள். அதற்கு மின்னேற்றத்தில் பிடி கொடுக்கிற குணம் கிடையாது. ரெசின் வழியாக நழுவிவிடும். லேபில் மாலிப்டேட் போட்டு நீல நிறம் பார்க்கிற டெஸ்டிலும் சிக்காது. ரெசின் மட்டும் வைத்திருந்த ஒரு பிளான்ட்டில் நவம்பர் மாதம் நான் பார்த்தது இது: டி.எம். டேங்க்கில் சிலிக்கா 0.02க்குள், அப்பழுக்கில்லை. டிரம்மில் மட்டும் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஏறிக்கொண்டே போகிறது. டிரம் தண்ணீரை வெளியேற்றும் புளோடவுன் வால்வைத் திறந்து வைத்துச் சூடான தண்ணீரைக் கொட்டுகிறார்கள், அதை ஈடுகட்ட இன்னும் டி.எம். தண்ணீர் விடுகிறார்கள், அதோடு இன்னும் கொலாய்டல் சிலிக்கா போகிறது. பாய்லர் சூட்டில் அது கரைந்து சாதாரண சிலிக்காவாகிவிடும். டெஸ்டில் அங்கேதான் முகம் காட்டும். லேப் ஆள் மேல் சந்தேகம், மீட்டர் மேல் சந்தேகம், ரெசின் சப்ளை செய்தவர் மேல் சந்தேகம் என்று ஒரு சுற்று நடந்து முடிந்த பிறகுதான் கலங்கல் தண்ணீர் மேல் கண் போனது. அல்ட்ரா ஃபில்ட்ரேஷனோ (நுண்துகளை வடிகட்டும் மெம்பரேன்) ஆர்.ஓ.வோ முன்னால் இருந்தால் இந்தத் துகள் அங்கேயே நின்றுவிடும். மேற்பரப்புத் தண்ணீர்க்காரர் டி.டி.எஸ். குறைவு என்ற ஒரே காரணத்துக்காக மெம்பரேன் வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

ஆக, போர் தண்ணீருக்கு ஆர்.ஓ. முன்னால் வந்தே தீரும். உண்மையான போட்டி அதற்குப் பின்னால்தான்: மிக்ஸட் பெட்டா, இ.டி.ஐ.யா?

மிக்ஸட் பெட் என்பது கேட்டயன், அனயன் இரண்டு ரெசினையும் ஒரே பாத்திரத்தில் கலந்து வைப்பது. ரீஜெனரேஷனுக்கு முதலில் இரண்டையும் பிரிக்க வேண்டும். கீழிருந்து தண்ணீரை ஏற்றினால் எடை குறைந்த அனயன் மேலே போகும், கேட்டயன் கீழே தங்கும். நடுவில் உள்ள சைட் கிளாஸில் மேலே வெளிர் மஞ்சள், கீழே கரும்பழுப்பு என்று இரண்டு நிறத்துக்கு நடுவே ஒரு கோடு விழும். கோடு கூர்மையாக விழுந்தால் ரீஜெனரேஷன் பாதி முடிந்த மாதிரி. கலங்கிக் கிடக்கும்போதே ஆசிட்டைத் திறந்தால் அனயன் ரெசினுக்கும் ஆசிட் போய், பிறகு மணிக்கணக்கில் அலசினாலும் கண்டக்டிவிட்டி இறங்காது. வரதையபாளையத்துக்காரர் ஒருவர், என்னைவிட வயதில் மூத்த ஆபரேட்டர், டார்ச்சை சைட் கிளாஸில் வைத்துக்கொண்டு, "இன்னும் கோடு விழல சார், பத்து நிமிஷம் விடுங்க" என்பார். "நீங்க சொன்னா சரிண்ணா" என்று ஒதுங்கி நிற்பதுதான் என் வேலை. பேனலில் டைமர் வேறு எண் காட்டிக்கொண்டிருக்கும். அவர் அதன் பக்கம் திரும்ப மாட்டார். அப்படி ஒரு ஆள் உங்களிடம் இருந்தால் மிக்ஸட் பெட்டுக்குத் தாராளமாகப் போகலாம். ரெசின் கெட்டால் பத்து மூட்டை வாங்கி மாற்றிக்கொள்ளலாம், வால்வு கெட்டால் கும்மிடிப்பூண்டியிலேயே ஆள் கிடைப்பார்.

இ.டி.ஐ.யில் ஆசிட்டும் இல்லை, காஸ்டிக்கும் இல்லை. ரெசினை மெம்பரேன் தாள்களுக்கு நடுவே நிரப்பி இரண்டு பக்கமும் டி.சி. கரண்ட் கொடுத்தால், அயன்கள் இழுபட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விடும். தண்ணீரே உடைந்து ரெசினை ஓயாமல் புதுப்பிக்கும். நிறுத்தாமல் 24 மணி நேரமும் ஒரே தரம். தள்ளுகிற ஐந்து, பத்து சதவீதத் தண்ணீரும் போர் தண்ணீரைவிடச் சுத்தம் என்பதால் ஆர்.ஓ. முன்னால் திருப்பி விடலாம். கேட்கக் கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இதற்கு வயிறு ரொம்ப நோஞ்சான். உள்ளே வரும் தண்ணீரில் கடினத்தன்மை 1 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும், சிலிக்காவும் 1க்குள், குளோரின் வாசனையே கூடாது, கார்பன் டை ஆக்ஸைடும் சில பிபிஎம்தான். கடைசி விஷயத்தில்தான் மேற்குத் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். ஆர்.ஓ. உப்பைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஸ்கேல் பிடிக்காமலிருக்க முன்னால் ஆசிட் விட்டிருந்தால் பைகார்பனேட்டெல்லாம் வாயுவாகிப் பொத்தென்று உள்ளே வந்துவிடும். முதல் ஆர்.ஓ.வுக்கும் இரண்டாவது ஆர்.ஓ.வுக்கும் நடுவே சொட்டுச் சொட்டாகக் காஸ்டிக் விட்டு பி.எச்.சைத் தூக்கினால் அந்த வாயு மறுபடி பைகார்பனேட் ஆகி மெம்பரேனில் நின்றுவிடும். இல்லையென்றால் டீகேஸர் வைக்கலாம். எப்படியானாலும் இங்கே இ.டி.ஐ. என்றால் இரண்டு பாஸ் ஆர்.ஓ. கட்டாயம். ஒரு பாஸோடு இ.டி.ஐ. கொடுக்கிறேன் என்கிறவரிடம் நான் பேச்சை வளர்க்க மாட்டேன்.

இ.டி.ஐ. ஸ்டாக் (ரெசினும் மெம்பரேன் தாள்களும் அடுக்கிய பெட்டி) கெடும்போது இரண்டு நாள் அவகாசம் தராது. ஆர்.ஓ. மெம்பரேனின் ஓ ரிங் ஒன்று நழுவி, ஒரு ராத்திரி கடினத் தண்ணீர் உள்ளே போனாலே போதும். ஸ்டாக்கில் சுண்ணாம்பு கட்டிவிடும். தளத்திலேயே பிரித்துச் சரி செய்வது நடக்காத காரியம், புதிய ஸ்டாக் வரவோ வாரக்கணக்கில் ஆகும். அதுவரை டர்பைன் என்ன செய்யும்? ஆகவே புதிதாக இ.டி.ஐ. போடுகிறவர்களுக்கு நான் சொல்வது: பின்னால் ஒரு சிறிய மிக்ஸட் பெட்டைச் சும்மாவாவது நிறுத்தி வையுங்கள். ஆசிட்டே வேண்டாம் என்றுதானே இதற்கு வந்தோம் என்று முகம் சுளிப்பார்கள். வருஷத்தில் ஓரிரு முறை தொடப் போகிற ஆசிட்டுக்குக் கேன் போதும், டேங்கர் வேண்டாம்.

டேங்கரில் டி.எம். தண்ணீர் வாங்கிக்கொள்ளலாமே என்பவர்களும் உண்டு. காற்றுப் பட்டாலே கார்பன் டை ஆக்ஸைடைக் குடித்து அந்தத் தண்ணீரின் கண்டக்டிவிட்டி 1 பக்கம் ஏறிவிடும். டேங்கரின் உள்சுவரில் என்ன ஒட்டியிருந்தது என்பது வேறு விஷயம். முதல் தடவை பாய்லரை நிரப்ப, இக்கட்டில் ஒரு நாள் தள்ள ஆகும். நிரந்தர ஏற்பாடாக ஆகாது.

சர்க்கரை ஆலைக்காரர்களின் கதை தனி. கண்டன்சேட் (ஆவி குளிர்ந்து ஆகும் தண்ணீர்) பெருமளவு திரும்பி வருவதால் அவர்களுக்குப் புதுத் தண்ணீர் தேவையே குறைவு. அதோடு அரவை முடிந்தால் மாதக்கணக்கில் பிளான்ட் தூங்கும். ரெசின் தூங்கத் தெரிந்தது. உப்புத் தண்ணீரில் ஊற வைத்து, காயாமல் பார்த்துக்கொண்டால் அடுத்த சீசனில் எழுந்து வேலை பார்க்கும். ஆர்.ஓ. மெம்பரேனை பைசல்ஃபைட் கரைசலில் போட்டு அவ்வப்போது மாற்ற வேண்டும். மறந்தால் பாசி பிடித்து நாறிவிடும். இ.டி.ஐ.க்கும் அதே பாடுதான், விலை மட்டும் கூடுதல். ஆகவே சீசன் பிளான்ட்டுக்கு இ.டி.ஐ. வேண்டாம், ஆர்.ஓ.வும் மிக்ஸட் பெட்டும் போதும். ஏற்கெனவே கேட்டயன், அனயன் பாத்திரங்கள் நிற்கிற இடத்தில் அவற்றைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். முன்னால் ஆர்.ஓ.வைச் சேர்த்துக்கொண்டால், அரவை நடுவில் மெம்பரேன் படுத்தாலும் பழைய வழியிலேயே பத்து நாள் ஓட்டலாம்.

வருஷம் முழுக்க ஓடும் புதிய பிளான்ட், 60 கிலோவுக்கு மேல் பிரஷர், தடா–கும்மிடிப்பூண்டி மாதிரி உப்புப் போர், ரிஜெக்ட்டை ஊற்ற இடம் இருக்கிறது என்றால் இரண்டு பாஸ் ஆர்.ஓ., இ.டி.ஐ., பின்னால் அந்தச் சிறிய மிக்ஸட் பெட். இதைத்தான் நான் எடுப்பேன். நகரி, புத்தூர்ப் பக்கம் சிலிக்கா 40ஐத் தாண்டினால் ரெகவரியைக் குறைத்து ஒரு பாஸ் ஆர்.ஓ., டீகேஸர், மிக்ஸட் பெட். நல்ல ஆற்றுத் தண்ணீர் நிரந்தரமாகக் கிடைக்கிற யோகம் இருந்தால் முன்னால் அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் வைத்துவிட்டு ரெசினோடு நிம்மதியாக இருங்கள்.

டெண்டர் போடும்போது ஒரு தண்ணீர் ரிப்போர்ட்டை மட்டும் இணைக்காதீர்கள். மே கடைசியில் எடுத்தது ஒன்று, நவம்பர் மழையில் எடுத்தது ஒன்று, இரண்டையும் இணைத்து, இரண்டிலும் ஓட வேண்டும் என்று எழுதுங்கள். சிலிக்காவில் கரைந்தது எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று தனித்தனியாக லேபில் கேட்டு வாங்குங்கள். இ.டி.ஐ. என்றால் மாற்று ஸ்டாக்கின் விலையையும், எத்தனை நாளில் தருவார் என்பதையும் ஆர்டரிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்டர் கையெழுத்தான பிறகு கேட்டால் அந்த விலை வேறாக இருக்கும்.